75 வாற் அம்ப், 300 வாற் சப்வூபர்: பெட்டியில் உள்ள எந்த எண்ணை வைத்துப் பொருத்துவது?

வாவிக்கரை (கல்லடி)

அனைவருக்கும் வணக்கம். வாடகைக்கு ஓடும் எங்கள் ஹயஸ் வேனுக்குப் புதிய ஒலி அமைப்பொன்றைப் பொருத்த இருக்கிறேன். ஸ்பீக்கர்களை வாங்கிவிட்டேன், அவற்றுக்கு வலுக் கொடுக்கும் அம்ப் (அம்ப்ளிபயர்) மட்டும் இன்னும் வாங்கவில்லை. முன்கதவுகளுக்கு ட்வீட்டர் (உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) தனியாக வரும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் சோடி ஒன்று இருக்கிறது. அதன் பெட்டியில் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 4 ஓம் தடை, தொடர் வலு (நெடுநேரம் தாங்குவது) 80 வாற், உச்ச வலு (கணநேரம் தாங்குவது) 240 வாற் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கடைசி இருக்கைக்குப் பின்னால் வைப்பதற்கு மூடிய பெட்டியில் பேஸ் ஒலிக்கான 12 அங்குல சப்வூபர் ஒன்று; தொடர் வலு 300 வாற், உச்ச வலு 1,200 வாற், கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்களான கொயில்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 4 ஓம்.

ஒரு கடையில் இரண்டு நான்கு சனல் அம்ப்களைக் காட்டினார்கள். முதலாவதன் மேல் பெரிய எழுத்தில் 2,400 வாற் என்று இருக்கிறது, பக்கத்தில் இரண்டு 25 அம்பியர் பியூஸ்கள் இருக்கின்றன. இரண்டாவது விலை கூடியது. அதன் கையேட்டில் 4 ஓமில் சனலுக்கு 75 வாற், பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சனல்களை ஒன்றாகச் சேர்த்தால்) 4 ஓமில் 220 வாற் வீதம் இரண்டு என்று மட்டுமே எழுதியிருக்கிறது. ஸ்பீக்கர்களின் உச்ச வலுவைக் கூட்டினால் 1,680 வாற் வருவதால் 2,400 வாற் அம்ப்தான் பொருத்தம் என்றும், 75 வாற் அம்பை 80 வாற் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் வலு போதாமல் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வேனில் தூரப் பயணங்களின்போது பின்னால் இருப்பவர்கள் மணிக்கணக்காகச் சத்தமாகப் பாட்டுப் போடச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துக் கருத்தில் எடுத்து, விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுருள் (சாய்ந்தமருது)

தம்பி, உச்ச வலு என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அம்பிலும் சரி, ஸ்பீக்கரிலும் சரி, அதை எப்படி அளப்பது என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறை எதுவும் இல்லை, ஆகவே அட்டைப்பெட்டியை அச்சிடுபவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஒப்பிட வேண்டியது தொடர் வலுவை மட்டுமே. அதையும் ஒரே ஓமில், ஒரே வோல்ற்றளவில் ஒப்பிட வேண்டும்.

நீங்கள் சொன்ன பியூஸ்களே முதலாவது அம்பின் கதையைச் சொல்லிவிடுகின்றன. இரண்டு 25 அம்பியர் என்றால் மொத்தம் 50 அம்பியர். என்ஜின் ஓடும்போது 14 வோல்ற் என்று வைத்துக்கொண்டால் அந்த அம்பினுள் தொடர்ந்து செல்லக்கூடியது 700 வாற். ஏபி வகை அம்ப் உள்ளே எடுப்பதில் ஏறத்தாழ 60 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலே நல்லது, மீதி வெப்பமாகப் போகும். ஆக வெளியே வருவது அதிகபட்சம் 420 வாற், சனலுக்கு 105 வாற். இது மேல் எல்லை மட்டுமே; தேவைக்கு மேல் பெரிய பியூஸைச் செருகி விற்பதும் உண்டு என்பதால் உண்மை அதிலும் குறைவாக இருக்கலாம். 700 வாற் உள்ளே போய் 2,400 வாற் வெளியே வரும் பொருளைக் கண்டுபிடித்தவர் அதை வேனுக்கு விற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

டாஷ்போர்டில் வைக்கும் செற்களின் முகப்பில் "50 வாற் x 4" என்று இருப்பதும் இதே கணக்குத்தான். 14.4 வோல்ற்றை 4 ஓமில் சதுர அலையாகவே வெளியே விட்டால் 51.8 வாற் வரும். சிதையாத சைன் அலையாக விட்டால் அதன் பாதி, அதாவது 26 வாற்றுக்குள்தான். உள்ளே ஏற்படும் இழப்புகளையும் கழித்தால் உண்மையில் கிடைப்பது சுமார் 18 முதல் 22 வாற்.

இரண்டாவது அம்பின் கையேட்டில் சிஇஏ-2006 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது சிடிஏ-2006 என்றும் வரும். அந்தக் குறி இருந்தால் 14.4 வோல்ற்றில், 4 ஓமில், சிதைவு 1 சதவீதத்துக்கு மேற்படாமல் அளந்த வலு என்று பொருள். அப்படி அளந்த 75 வாற், அளக்காத 600 வாற்றைவிடப் பெரிது.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

சுருள் நானா சொல்லும் பியூஸ் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சிறிய அம்ப் ஸ்பீக்கரை எரிக்கும் என்று கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அம்ப் தன் எல்லையை முட்டிக் கிளிப் ஆகும்போது அலையின் தலை தட்டையாகிவிடும், அந்தத் தட்டையான பகுதியில் நேரோட்டம் கொயிலுக்குள் போய் அதை எரித்துவிடும் என்று பல காலமாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறோம். குறைந்த வலுவுள்ள அம்போடு எரிந்த ஸ்பீக்கர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே ஸ்பீக்கரைவிட இரண்டு மடங்கு பெரிய அம்ப் போடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஆசான் (அக்கரைப்பற்று)

இந்த நம்பிக்கை மிகப் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கொயிலை எரிப்பது வெப்பம். வெப்பத்தைத் தீர்மானிப்பது சராசரி வலு. அலை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது கொயிலின் செம்புக் கம்பிக்குத் தெரியாது. கிளிப் ஆன அலையின் தலை தட்டையாக இருந்தாலும் அது மேலும் கீழும் சமமாகவே மாறிக்கொண்டிருக்கிறது, ஆகவே அதன் சராசரி பூச்சியமே. நேரோட்டம் என்று அதில் எதுவும் இல்லை. 10 வாற் அம்ப் ஒன்றை 300 வாற் சப்வூபருடன் இணைத்து எவ்வளவுதான் கிளிப் ஆக்கினாலும், கேட்பதற்கு அருவருப்பாக இருக்குமே தவிர, சப்வூபருக்கு ஒன்றும் ஆகாது.

அப்படியானால் சிறிய அம்புகளோடு ஏன் ஸ்பீக்கர்கள் எரிகின்றன? முதற் காரணம், கிளிப் ஆகும் அம்ப் தன் மேல் எழுதிய வலுவோடு நின்றுவிடுவதில்லை. ஒரே உச்சமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலை இரண்டு மடங்கு வலுவைக் கொண்டு செல்கிறது. சிதையாமல் 75 வாற் கொடுக்கும் அம்பை முழுமையாகக் கிளிப் ஆகும்வரை முறுக்கினால் அது 150 வாற்றை நெருங்கும். 80 வாற் ஸ்பீக்கருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. 80 வாற் என்று எழுதிய ஸ்பீக்கர் சோடியில் ட்வீட்டர் 80 வாற் தாங்குவதில்லை. அதன் நுண்ணிய கொயில் தாங்குவது சில வாற்றுகள் மட்டுமே. சாதாரணப் பாட்டில் உயர் மீடிறன்களில் (அதிர்வெண்களில்) சக்தி மிகக் குறைவு என்பதாலும், ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் தாழ்ந்த மீடிறன்களைத் தடுப்பதாலும் அது தப்பித்துக்கொள்கிறது. தவிலோ பறையோ விழும் கணத்தில் அம்ப் தன் எல்லையில் முட்டிக்கொண்டால், தாழ்ந்த ஒலி அதற்கு மேல் வளராது. ஆனால் வொலியூமை மேலும் கூட்டும்போது எல்லையைத் தொடாத உயர் ஒலிகள் தொடர்ந்து வளர்ந்துகொண்டே போகும். அதோடு கிளிப்பிங் உண்டாக்கும் புதிய உயர் மீடிறன்களும் சேர்ந்து ட்வீட்டருக்குப் போகின்றன. எனவேதான் இப்படி எரிந்தவற்றில் பெரும்பாலானவை ட்வீட்டர்களாக இருக்கும். நண்பர் வெற்றிலைக்கொடி பார்த்தவற்றிலும் அப்படித்தானா என்பதை அறிய விரும்புகிறேன்.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

ஆம் சேர், யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் ட்வீட்டர்தான், கூம்பு நன்றாகவே இருக்கும். நேரோட்டக் கதையை விட்டுவிடுகிறேன். ஆனாலும் பெரிய அம்ப் போட்டால் கிளிப் ஆகாது, ஆகவே ட்வீட்டர் பிழைக்கும் என்பது இன்னும் சரிதானே?

ஆசான் (அக்கரைப்பற்று)

ஓரளவுக்குச் சரி. ஸ்பீக்கரின் தொடர் வலுவைவிட அம்ப் ஒன்றரை மடங்குவரை பெரிதாக இருப்பதில் தவறில்லை என்றே நானும் நினைக்கிறேன். அதற்கு அளவீட்டு முறையிலேயே ஆதாரம் இருக்கிறது. ஒலிப் பொறியியல் சங்கத்தின் (ஏஇஎஸ்) முறைப்படி ஸ்பீக்கரைச் சோதிக்கும்போது இரண்டு மணி நேரம் பல மீடிறன்களும் கலந்த பிங்க் இரைச்சல் கொடுப்பார்கள். அதன் உச்சங்கள் சராசரியைவிட 6 டெசிபெல் உயர்ந்தவை, அதாவது வலுவில் நான்கு மடங்கு. ஆக அந்த முறையில் 80 வாற் என்று தேறிய ஸ்பீக்கர், கணநேர உச்சங்களாக 320 வாற்றைத் தாங்கித்தான் தேறியிருக்கிறது. பாட்டில் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி பொதுவாக இதைவிட அதிகம். ஒரு தவில் அடி சிதையாமல் வெளிவர அம்பில் மேலே இடம் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த இடத்தை உச்சங்களுக்காகவே வைத்திருக்க வேண்டும். பெரிய அம்பை வாங்கிவிட்டு அதையும் கிளிப் ஆகும்வரை முறுக்குபவருக்குப் பெரிய அம்ப் பெரிய ஆபத்து மட்டுமே. 75 வாற்றா 120 வாற்றா என்று கடையில் செலவிடும் நேரத்தைவிட, வேனில் வொலியூம் யார் கையில் இருக்கிறது என்பதே ஸ்பீக்கரின் ஆயுளை அதிகம் தீர்மானிக்கிறது. 75-க்கும் 120-க்கும் உள்ள வேறுபாடு வெறும் 2 டெசிபெல். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் பலர் சற்றுக் கூடியிருக்கிறது என்பார்கள், அவ்வளவுதான்.

சுருள் (சாய்ந்தமருது)

முன்பக்கத்துக்கு 75 வாற் போதும் என்பதை ஆசான் நிறுவிவிட்டார். வாவிக்கரைத் தம்பியின் உண்மையான சிக்கல் சப்வூபரில் இருக்கிறது, அதை இதுவரை யாரும் தொடவில்லை.

அம்பின் பின் இரண்டு சனல்களைப் பிரிட்ஜ் செய்து 220 வாற்றைச் சப்வூபருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்த 220 வாற் 4 ஓமில்தான் கிடைக்கும். உங்கள் சப்வூபரில் 4 ஓமை உண்டாக்கவே முடியாது, தம்பி. இரண்டு 4 ஓம் கொயில்களைச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். ஒரு கொயிலை மட்டும் இணைத்து மற்றதை வெறுமனே விடுவதும் முறையல்ல, ஏனென்றால் சப்வூபரின் 300 வாற் இரண்டு கொயில்களுக்கும் பகிர்ந்தது. ஒன்று மட்டும் வேலை செய்தால் தாங்கும் வலு பாதியாகக் குறையும், பெட்டிக்கான கணக்கும் மாறிவிடும்.

பிரிட்ஜ் செய்த அம்பில் ஒவ்வொரு சனலும் ஸ்பீக்கரின் பாதித் தடையையே காண்கிறது. 2 ஓமாக இணைத்துப் பிரிட்ஜ் செய்தால் சனலுக்கு 1 ஓம் விழும். கையேட்டில் பிரிட்ஜுக்கு 4 ஓம் என்று மட்டுமே இருக்கும் அம்ப் அதைத் தாங்காது. பாதுகாப்புச் சுற்று இருந்தால் நின்றுவிடும், இல்லாவிட்டால் வெளியீட்டு ட்ரான்சிஸ்ரர்கள் போய்விடும். ஓட்டத்தில் பாதியிலேயே பேஸ் விட்டு விட்டு வருகிறது என்று கொண்டு வரப்படும் வாகனங்களில் நான் முதலில் பார்ப்பது இந்த இணைப்பைத்தான்.

8 ஓமாக இணைத்துப் பிரிட்ஜ் செய்தால் சனலுக்கு 4 ஓம், ஆகவே இரண்டு சனல்களின் 75 வாற்றும் சேர்ந்து 150 வாற் கிடைக்கும். அது சப்வூபரின் தொடர் வலுவில் பாதி. ஆசானின் கணக்குப்படி அதை முழுவதும் கிளிப் ஆக்கினாலும் 300-ஐத் தாண்டாது, ஆகவே பயமில்லை. முழு 300 வாற் கொடுத்தால் கிடைப்பதைவிட 3 டெசிபெல் குறைவாக ஒலிக்கும். சிறிய காருக்கு அது தாராளம். ஹயஸ் வேனின் பின்பகுதி பெரியது என்பதால் உங்களுக்குப் போதாமல் தோன்றலாம். அப்படியானால் 2 ஓமில் 300 வாற் கொடுக்கும், வெப்ப இழப்புக் குறைந்த டி வகை ஒற்றைச் சனல் அம்ப் ஒன்றைத் தனியாக வைத்து, கொயில்களைச் சமாந்தரமாக இணைப்பதே சரியான வழி. முதலில் 4 ஓம் இரட்டைக் கொயிலுக்குப் பதிலாக 2 ஓம் இரட்டைக் கொயில் சப்வூபரை வாங்கியிருந்தால், அதைத் தொடராக இணைத்து 4 ஓமாக்கி, நான்கு சனல் அம்ப் ஒன்றோடேயே 220 வாற் பெற்றிருக்கலாம். ஸ்பீக்கரையும் அம்பையும் ஒரே நேரத்தில் தெரிவு செய்ய வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனாலேயே.

செங்கலடி

இடையில் ஒரு சிறு கேள்வி. என்னிடம் இருப்பது ரொயோட்டா அக்வா ஹைபிரிட் கார். அதில் என்ஜினால் சுழன்று மின் கொடுக்கும் அல்ரனேற்றரே இல்லை என்கிறார்கள். இதே கணக்கு எனக்கும் பொருந்துமா?

சுருள் (சாய்ந்தமருது)

பொருந்தும். ஹைபிரிட் பற்றரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ற் பக்கத்துக்கு மின்னைக் கொடுக்கிறது. 12 வோல்ற் பற்றரி சிறியது என்பதால் வாகனம் இயங்கும் நிலையில் இல்லாமல் பாட்டுப் போடுவதை மட்டும் தவிருங்கள். பற்றரி பின்பகுதியில் இருப்பதால் உங்கள் வயர் குறுகியது, அது உங்களுக்கு இலாபம். செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் வோல்ற்றளவு கொண்டவை. அவற்றின் அருகே எதையும் துளைக்க வேண்டாம்.

வாவிக்கரை (கல்லடி)

நானாவுக்கும் ஆசான் அவர்களுக்கும் மிக்க நன்றி. சப்வூபருக்கு ஒற்றைச் சனல் அம்பையே எடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். இரண்டு அம்புகளையும் வேனின் மின்சாரம் தாங்குமா? அம்பில் உள்ள கெய்ன் திருகை எதில் வைப்பது? முழுவதும் திறந்துவிட்டால்தான் முழு வலுவும் கிடைக்கும் என்று ஒரு பொருத்துநர் சொன்னார்.

ஆசான் (அக்கரைப்பற்று)

அவர் சொன்னது பிழை. கெய்ன் என்பது செற்றிலிருந்து வரும் சமிக்ஞையின் அளவுக்கு அம்பை இசைவாக்கும் திருகு. செற் 4 வோல்ற் கொடுக்கும்போது கெய்னை முழுவதும் திறந்தால், வொலியூமை அரைவாசி கூட்டுவதற்கு முன்பே அம்ப் தன் எல்லையைத் தொட்டுவிடும்.

ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, செற்றில் பேஸ், ட்ரெபிள் அனைத்தையும் நடுநிலையில் வைத்து, அம்பின் பேஸ் பூஸ்ட்டை அணைத்து, வொலியூமை நாலில் மூன்று பங்குக்குக் கொண்டு வாருங்கள். 50 ஹேர்ட்ஸ் சைன் அலைக் கோப்பொன்றை ஓடவிட்டு, அம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின் வோல்ற்றளவைப் பாருங்கள். வலுவை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேண்டிய எண் வரும். 75 வாற், 4 ஓம் என்றால் 300-இன் வர்க்கமூலம், 17.3 வோல்ற். 300 வாற், 2 ஓம் என்றால் 600-இன் வர்க்கமூலம், 24.5 வோல்ற். அந்த எண் வரும்வரை கெய்னைத் திருப்பி அங்கேயே நிறுத்துங்கள். முன் சனல்களை அளக்கும்போது மட்டும் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 50 ஹேர்ட்ஸ் வெளியே வராது. விலை குறைந்த மல்ட்டிமீற்றர்கள் 1,000 ஹேர்ட்ஸில் பிழையாகக் காட்டக்கூடும் என்பதாலேயே 50 ஹேர்ட்ஸைச் சொல்கிறேன்.

இந்த முறை அம்ப் கையேட்டில் எழுதிய வலுவை உண்மையில் கொடுக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்பது. 2,400 வாற் அம்பில் சனலுக்கு 600 வாற் என்று நம்பிக் கணக்கிட்டால் 49 வோல்ற் வரும். அதைத் தேடிக் கெய்னை முறுக்கினால் கிடைப்பது கிளிப்பிங் மட்டுமே.

சுருள் (சாய்ந்தமருது)

அளந்து முடித்தபின் வடிகட்டிகளை மீண்டும் போட மறக்க வேண்டாம். முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகக்கூடாது. வாற் எண் வெப்பத்தை மட்டுமே பேசுகிறது, கூம்பு எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது என்பதைப் பேசுவதில்லை. மீடிறன் பாதியானால் அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 80 வாற் ஸ்பீக்கரை 40 ஹேர்ட்ஸில் 40 வாற்றாலேயே கிழிக்கலாம். உங்களுடையது மூடிய பெட்டி, ஆகவே உள்ளே இருக்கும் காற்று கூம்பைப் பிடித்து நிறுத்தும்; துளையுள்ள பெட்டி என்றால் அது இசைவாக்கப்பட்ட மீடிறனுக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானமே இருக்காது, மிகத் தாழ்ந்த மீடிறன்களைத் தடுக்கும் சப்சோனிக் வடிகட்டி கட்டாயம் தேவை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, முன்பக்க 150 வாற்றுக்கு 18 அம்பியர், சப்வூபரின் 300 வாற்றுக்கு டி வகை என்பதால் 27 அம்பியர், மொத்தம் 45 அம்பியர். பாட்டில் சராசரி இதன் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. அல்ரனேற்றரின் வில்லையில் உள்ள அம்பியர் எண்ணைப் பார்த்து, அதிலிருந்து ஏசி, முகப்பு விளக்கு ஆகியவற்றைக் கழித்துவிட்டு முடிவெடுங்கள். வயர் 5 மீற்றர் ஓடும் என்று வைத்தால் 8 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் 45 அம்பியருக்கு அரை வோல்ற் விழும், 20 சதுர மில்லிமீற்றரில் 0.2 வோல்ற்றே விழும். ஆகவே தடித்ததையே போடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிரதான பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

கல்லடியில் கடற்காற்று முனைகளைத் தின்றுவிடும். பச்சை பிடித்த ஒரு முனையில் 0.05 ஓம் தடை சேர்ந்தாலே 40 அம்பியரில் 2 வோல்ற் போய்விடும். 14 வோல்ற்றில் கிளிப் ஆகாத அம்ப் 12-இல் கிளிப் ஆகும். அம்பை மாற்ற வேண்டும் என்று கடைக்கு ஓடுவதற்கு முன் வேனின் உடலோடு இணையும் நிலமுனையைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள்.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

என்ஜினை நிறுத்திவிட்டுத் திருவிழாக்களில் பாட்டுப் போடும்போது ட்வீட்டர்கள் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் போலிருக்கிறது.

ஆசான் (அக்கரைப்பற்று)

ஆம். 14.4 வோல்ற்றுக்குப் பதிலாக 12.6 கிடைத்தால், வோல்ற்றளவைச் சீராக வைத்திருக்கும் சுற்று இல்லாத அம்பின் வலு கால்வாசி அளவு குறைந்துவிடும். சத்தம் குறைகிறதே என்று வொலியூமைக் கூட்டுவோம், அம்ப் முன்னரே முட்டிக்கொள்ளும்.

வாவிக்கரை (கல்லடி)

இரண்டாவது அம்பையும் ஒற்றைச் சனல் அம்பையும் கேட்டு வைத்திருக்கிறேன். கையேட்டில் சிஇஏ-2006 குறி இருக்கிறது. கொயில்களைச் சமாந்தரமாக இணைத்ததை உறுதி செய்வது எப்படி?

சுருள் (சாய்ந்தமருது)

அம்புடன் இணைப்பதற்கு முன் மல்ட்டிமீற்றரால் பெட்டியின் முனைகளில் தடையை அளந்து பாருங்கள். நேர்த்தடை எழுதிய ஓமைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். ஒரு கொயில் 3.5 ஓம் அளவில் இருக்கும். சமாந்தரம் என்றால் 1.7 முதல் 1.8 வரை வர வேண்டும். 7 வந்தால் தொடராக இருக்கிறது. 3.5 வந்தால் ஒரு கொயில் இணைக்கப்படவே இல்லை. மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அதில் வரும் எண்ணைக் கழித்துவிட்டு வாசியுங்கள். இரண்டு கொயில்களும் ஒரே திசையில் இணைந்திருக்கின்றனவா என்பதை மீற்றர் காட்டாது, ஆகவே நேர், எதிர் குறிகளை வயர் வயராகக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மாறியிருந்தால் கூம்பு அசையாது, கொயில் மட்டும் சூடாகும்.